மின்சாரத்தின் விலையும் நிலையும்

கடையில் விற்கும் பண்டம் எதற்கும் அளவு என்பது ஒன்று. தரம் என்பது மற்றொன்று. அரிசி வாங்குவோன் படியையும் பார்க்கின்றான். மணியையும் கையிலெடுத்துப் பார்க்கின்றான். ஆடை வாங்குவோன் முழத்தையும் எண்ணுகின்றான். நெசவையும் தடவிப் பார்க்கின்றான். மின்சாரம் ஒன்றை வாங்கும்பொழுது மட்டும் நாம் அளவோடு நின்றுவிடுகின்றோம். எத்தனை அலகு செலவாயிற்று, அலகு ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்பவற்றோடு நம் வழக்கு முடிந்துவிடுகின்றது. அம்மின்சாரம் இடையறாது வந்ததா, ஏற்றத்தாழ்வின்றி ஒரே சீராக ஓடியதா, அதனை அங்ஙனம் ஓடச்செய்தவர் யாவர், அவர்க்குக் கூலி கொடுத்தவர் யாவர் என்னும் வினாக்கள் நம் கட்டணச் சீட்டில் ஒரு வரியும் பெறவில்லை.

மின்சாரத்தின் விலை வேறு, நிலை வேறு. அந்நிலையைக் காத்தற்கும் செலவு உண்டு. அச்செலவைக் கண்ணுக்குத் தெரியாதபடி வைத்திருத்தலால் மிகுதியும் இழப்படைவோர் சிறுதொழில் செய்வோரே. ஆதலின், நிலையைக் குலைப்போரிடத்திற் பெற்று நிலையைக் காப்போருக்குக் கொடுக்கும் கணக்கு யாவரும் அறிய வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறக் கருதியது. நம் இராஜ்யத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஓசூர் என்பது கன்னட மொழியிற் புதிய ஊர் எனப் பொருள்படும் பெயர். பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், குளிர்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த இவ்வூர், சிப்காட் நிறுவனத்தார் 1970-களிற் கண்ட தொழிற்பேட்டையால் மெய்யாகவே புதிய ஊராயிற்று. லாரியும் பஸ்ஸும் செய்யும் அசோக் லேலண்டு, இருசக்கர வண்டி செய்யும் டி.வி.எஸ்., கைக்கடிகாரம் செய்யும் டைட்டன் முதலிய பெரிய ஆலைகள் இங்கு வந்தன. 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. மின்கலத்தால் ஓடும் வண்டிகளைச் செய்யும் ஆலைகளும் அண்மைக் காலத்தில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எழுந்துள்ளன. இப்பெரிய ஆலைகளுக்குத் திருகாணியும் பல்சக்கரமும் வார்ப்பும் அச்சும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளோ அளவில. அவற்றின் உரிமையாளர் பலர் ஒரு காலத்தில் அப்பெரிய ஆலைகளிலேயே வேலை பழகியவர்கள். இரண்டு மூன்று லேத்து இயந்திரங்களும் பத்துப் பன்னிரண்டு ஆட்களுமே அவர்களுடைய முதல்.

இத்தகைய பட்டறையில் மின்சாரம் ஒரு நிமிஷம் நின்றால் இழப்பு ஒரு நிமிஷத்தோடு நிற்பதன்று. பாதி கடைந்த இரும்புத் துண்டு பாழாகின்றது. கடையும் உளி முறிகின்றது. பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரத்திற் குழம்பு உறைந்துபோனால் அதனைச் சுரண்டியெடுக்கவே அரை நாள் ஆகும். மின்சாரம் முற்றும் நிற்கவும் வேண்டுவதில்லை. அழுத்தம் கண நேரம் தாழ்ந்தாலும் கணிதப்பொறியால் இயங்கும் கருவிகள் திகைத்து நின்றுவிடுகின்றன. பெரிய ஆலைக்கு டீசல் ஜெனரேட்டர் உண்டு. சிலவற்றிற்குச் சொந்தக் காற்றாலைகளும் உண்டு. சிறு பட்டறைக்குச் சர்க்கார் கம்பியன்றி வேறு கதியில்லை. ஓசூரைச் சூழ்ந்த கொடிக்கூடாரங்களில் ரோஜா பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புவோருக்கும் இஃது ஒக்கும். பறித்த மலரைக் காக்கும் குளிரறை நின்றால் பல மாத உழைப்பு ஒரே நாளில் வாடிவிடும்.

நிற்க. மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் வித்தை இப்பகுதிக்குப் புதியதன்று. 1902-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தார் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் மின்சாரம் உண்டாக்கி, 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்த கோலார்ப் பொற்சுரங்கத்திற்குக் கம்பி வழியே கொண்டுசென்றனர். சென்னை மாகாணத்தில் 1932-இற் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் ஒளி தரத் தொடங்கின. அக்காலத்தில் ஒவ்வோர் அருவியும் தனக்கென ஒரு சிறு ராஜ்யத்தை உடையதாயிருந்தது. ஓரிடத்து நோய் மற்றோரிடத்தைப் பற்றாது. ஓரிடத்து மிகுதியும் மற்றோரிடத்திற்கு உதவாது. பின்னர் இவை ஒன்றோடொன்று இணைக்கப்பெற்றன. 2003-இல் ஒரிஸ்ஸாவிலுள்ள தால்சேரிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள நேர்மின்சாரக் கம்பி ஒன்று அதே கோலாரை வந்தடைந்தது. அங்கிருந்து ஓசூருக்கு 400 கிலோவோல்ட்டுக் கம்பிகள் வருகின்றன. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள் ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட்டுக் கம்பி இணைக்கப்பட்டபொழுது, தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒரே தாளத்தில் இயங்கத் தொடங்கியது.

இத்தொகுப்பின்மேல் எழுந்ததே மின்சாரச் சந்தை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 2008-இல் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் முதலிய பரிவர்த்தனை நிலையங்கள் தோன்றின. நாளை வேண்டிய மின்சாரத்தை இன்றே அங்கு ஏலங்கூறி வாங்கலாம். ஒரு நாள் 15 நிமிஷங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கூறுக்கும் விற்போர் தத்தம் விலையையும் வாங்குவோர் தத்தம் விலையையும் எழுதித் தருகின்றனர். விற்போர் வரிசை மலிவிலிருந்து ஏறுகின்றது. வாங்குவோர் வரிசை உயர்விலிருந்து இறங்குகின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்து விலையே அந்தக் கால்மணி நேரத்துக்கு யாவர்க்கும் உரிய விலை. 2020 ஜூன் முதல், சற்று நேரத்திற்குப்பின் வேண்டுவதை அப்பொழுதைக்கப்பொழுது வாங்கும் சந்தையும் நடைபெறுகின்றது.

இச்சந்தையின் முதற் சில ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றை ஓசூரார் அறிந்திருத்தல் வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே மின்சாரம் கொணரும் கம்பிகள் போதாமையால், சந்தையில் நாடு பல விலைப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கர்நாடகம் ஒரு பகுதியிலும் தமிழ்நாடு வேறொரு பகுதியிலும் வைக்கப்பட்டன. கம்பியில் நெருக்கடி ஏற்பட்ட நாட்களில் இவ்விரு பகுதிகளின் விலையும் வேறாயின. நம் பகுதியின் விலையே பெரும்பாலும் உயர்ந்து நின்றது. எனவே, அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையே ஓடும் எல்லைக்கோடு மொழிக்கும் வரிக்கும் மட்டும் எல்லையாயிராது, மின்சார விலைக்கும் எல்லையாயிற்று. அதே ஆண்டுகளில் நம் இராஜ்யத்தில் மின்பஞ்சமும் கொடிதாயிருந்தது. 2008 நவம்பர் முதல் உயரழுத்த மின்சாரம் பெறும் ஆலைகளுக்கு 40 சதவிகித வெட்டு விதிக்கப்பட்டது. 2012-இற் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி விளக்கற்றுக் கழிந்த ஊர்கள் பல. இந்நோயைத் தணித்தது சந்தையின் சாமர்த்தியம் மட்டுமன்று. ராய்ச்சூர்க் கம்பியும், 2020-க்குப் பின் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 6,000 மெகாவாட்டுக் கம்பியும் போன்ற வழிகளும், புதிய மின்நிலையங்களுமே. சந்தை விலையைக் காட்டும். வழியை வெட்டித் தருவதில்லை. முதற்கண் நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

இனி நிலையைப்பற்றிச் சிறிது கூறுவாம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றாக அதிர்கின்றது. காசுமீரத்து அருவிப்பொறியும், தூத்துக்குடி நிலக்கரிப்பொறியும், காவிரிக்கரைப் பொறிகளும் ஒரே தாளத்திற்கு ஆடும் கூத்தர் போல இவ்வெண்ணோடு இசைந்து சுழல்கின்றன. எடுப்போர் மிகுந்தால் பொறிகள் தளர்ந்து எண் 50-இற் குறைகின்றது. கொடுப்போர் மிகுந்தால் எண் ஏறுகின்றது. இப்பொழுது 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இதனை வைத்திருத்தல் விதி. மின்சாரம் களஞ்சியத்திற் கொட்டிவைக்கும் நெல்லன்று. பிறந்த கணத்திலேயே செலவாவது. ஆதலின், எங்கேனும் ஒரு நிலையம் திடீரென நின்றால், அக்குறையை விநாடிக் கணக்கில் நிரப்ப ஒருவர் ஆயத்தமாக நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்பவர் தம் ஆற்றல் முழுவதையும் விற்றுவிடாமல் ஒரு பகுதியைக் கையிருப்பாக ஒதுக்கிவைத்திருப்பவர்.

இவர்க்கு ஏன் கூலி கொடுத்தல் வேண்டும் என்பதை நம் ஏரிகளே விளக்கும். ஏரிப்பாசனமுள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்னும் ஊழியன் ஒருவன் உண்டு; எல்லைக்கு அப்பாற் கன்னடத்தார் அவனை நீருகண்டி என்பர். அவன் உழுவதில்லை, விதைப்பதில்லை, ஏரி நீரும் அவனுடையதன்று. மதகைத் திறத்தலும் அடைத்தலும், நள்ளிரவில் வெள்ளம் வந்தாற் கலிங்கை நோக்கி ஓடுதலுமே அவன் தொழில். வெள்ளம் வாராத ஆண்டில் அவன் சும்மா இருந்தான் என்று எவரும் அவன் பங்கை மறுப்பதில்லை. அறுவடைக் களத்தில் ஒவ்வோர் உழவனும் தன் நிலத்தளவுக்கு ஏற்ப அவனுக்கு நெல் அளக்கின்றான். நம் முன்னோர் நீரின் விலையையும் நீர்க்காவலின் விலையையும் வேறு பிரித்து அறிந்திருந்தனர்.

மின்சாரத்தில் இவ்வறிவு நமக்கு மெல்ல மெல்லவே வந்தது. முன்னாளில் தென்னாட்டுத் தொகுப்பின் எண் 48 சுற்றளவுக்கும் தாழ்வது உண்டு. தன் பங்குக்கு மேல் இழுத்த இராஜ்யத்திற்குத் தண்டனை போதிய அளவு இல்லாமையே காரணம். 2003-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தென்னாட்டில் ஒரு புதிய முறை வந்தது. அதன்படி, எண் தாழத் தாழ, மிகையாக இழுப்போன் கொடுக்கவேண்டிய தொகை உயர்ந்தது. சில திங்களிலேயே எண் பெரிதும் சீர்ப்பட்டது. எனினும், 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாட்டுத் தொகுப்புகள் சாய்ந்தன. இரண்டாம் நாளில் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருளில் ஆழ்ந்தனர். அப்பொழுது நாம் அத்தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாமையால் தப்பினோம். இன்று இணைந்துள்ளோம், ஆகவே அவர் நலமும் நமது, அவர் இடரும் நமது. 2016-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தாரின் விதிப்படி, ஒதுங்கிநிற்கும் நிலையங்களைத் தொகுப்பின் காவலுக்கு அழைத்துப் பணம் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அவ்விதி விரிவுபடுத்தப்பட்டது. ஒப்புக்கொண்ட அளவினின்று விலகுவோர் செலுத்தும் தொகை ஒரு பொதுநிதியிற் சேர்கின்றது. அதிலிருந்தே காவல் செய்வோருக்குக் கூலி கொடுக்கப்படுகின்றது.

இக்காவலின் பெருமையை நாடு முழுதும் ஒரு நாள் கண்டது. 2020 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு 9 மணிக்கு, பிரதம மந்திரியாரின் வேண்டுகோட்படி மக்கள் ஒன்பது நிமிஷம் விளக்கணைத்தனர். சில நிமிஷங்களில் ஏறத்தாழ 31,000 மெகாவாட்டுத் தேவை இறங்கி, மீண்டும் ஏறியது. முன்னரே ஆயத்தமாயிருந்த அருவி நிலையங்கள் தம் விசையைக் குறைத்தும் கூட்டியும் தாங்கின, எண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே அசைந்து மீண்டது. அன்று மக்கள் அகல்விளக்கை நோக்கினர். விளக்குகள் மீண்டும் எரிந்ததற்குக் காரணமானோரை நோக்கினவர் சிலரே.

இனி வருங்காலத்தில் இக்காவல் முன்னினும் அரிதாகும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் வீசும் மாதங்களில் இவை பெருக விளைவிக்கின்றன. காற்றுப் படுத்தால் இவையும் படுக்கின்றன. கர்நாடகத்துப் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய ஒளிப் பூங்கா உள்ளது. இவை நல்லவையே, புகையில்லாத இச்செல்வத்தை யாம் குறைகூறவில்லை. ஆனால் நண்பகலிற் சூரியன் அள்ளிக் கொடுக்க, சந்தையில் விலை வீழ்கின்றது. மாலை விளக்கேற்றும் வேளையிற் சூரியன் மறைய, விலை உச்சவரம்பைத் தொடுகின்றது. 2022 வேனிலில் அலகு ஒன்று 20 ரூபாய்வரை ஏறியதால் ஆணையத்தார் 12 ரூபாய் என்று வரம்பு கட்டினர். 2023-இல் அதனை 10 ரூபாயாக்கினர்.

அன்றியும், பழைய நிலையங்களின் கனத்த சுழல்பொறிகள், குயவன் கோலை எடுத்தபின்னும் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம்போல, இடையூறு நேர்ந்த முதற்கணத்தில் தம் வேகத்தாலேயே தொகுப்பைத் தாங்கும். சூரியத் தகட்டில் இத்தகைய சக்கரம் இல்லை. 2025 பிப்ரவரி 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கையில் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று தொட்டதனால் தீவு முழுதும் மின்சாரம் இழந்தது. நகைப்புக்குரியதுபோலத் தோன்றும் இச்செய்தியில் நகைக்கத்தக்கது குரங்கன்று. வெயில் மிகுந்து தேவை குறைந்த அவ்விடுமுறை நாளிற் சுழலும் பொறிகள் குறைவாயிருந்தமையே தீவு சாய்ந்ததற்கு ஏது. அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருண்டன. அங்கு மின்னழுத்தம் கட்டுக்கடங்காது உயர்ந்ததே காரணம் என்று ஆய்ந்தோர் கண்டனர். எண்ணைக் காத்தல் மட்டும் போதாது; அழுத்தத்தைக் காப்போரும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இனி நம் கருத்துக்கு வருவாம். 2003-ஆம் ஆண்டின் சட்டத்தால் 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட தேவையுள்ள ஆலை தான் விரும்பிய இடத்தில் மின்சாரம் வாங்கலாம். பசுமை மின்சாரத்திற்கு 2022-இல் அவ்வளவு 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. ஆதலின், பெரிய ஆலை மலிவான நேரத்திற் சந்தையிலோ சொந்தக் காற்றாலையிலோ பெற்றுக்கொள்கின்றது. மாலையில் விலையேறும்பொழுது மின்கழகத்தின் வாயிலுக்கே திரும்புகின்றது. அது முறைகேடன்று, சட்டம் தந்த உரிமை. அதற்கென்று மிகைக்கட்டணங்களும் அது செலுத்துகின்றது. ஆனால் அது திரும்பிவரும் மாலைக்காக ஆயத்தமாய் நிற்கும் நிலையங்களின் செலவு இவ்வளவு என்று தனியே அளந்து காட்டப்படவில்லை. அளக்கப்படாத செலவு எங்கே போய்ச் சேரும்? போக வேறிடம் இல்லாதவன் தலையிலேயே சேரும். அவன் யாவனெனின், இரண்டு லேத்து வைத்திருக்கும் ஓசூர்ப் பட்டறைக்காரனே. 2022 செப்டம்பரிற் கட்டணம் உயர்ந்தபொழுது, உச்சநேர மிகைக்கட்டணம் தாழ்வழுத்தச் சிறுதொழிலையும் தொட்டது; சிறுதொழில் செய்வோர் மாநிலம் எங்கும் முறையிட்டனர்; பின்னர் அது குறைக்கப்பட்டது. மாலை மின்சாரம் அரிது என்பது உண்மையாதலின் உச்சநேரக் கட்டணம் கொள்கையளவிற் பிழையன்று. ஆயினும், மாலையில் நிறுத்திவைக்க வழியும் கருவியும் இல்லாதவனிடத்து அதனைப் பெறுதல், குடையில்லாதவனை மழையில் நனைந்ததற்காகத் தண்டிப்பது போலாகும்.

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். சந்தை விலைக்கு வரம்பு கட்டாது விட்டால், உயர்ந்த விலையே கையிருப்பை வரவழைக்கும் என்பர் சிலர். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் இராஜ்யத்தில் அலகு ஒன்றுக்கு 9 டாலர்வரை விலை ஏறிப் பல நாள் நின்றது. எனினும் பனியால் உறைந்த நிலையங்கள் அவ்விலையைக் கண்டு உருகி எழவில்லை. குளிரிலும் இருளிலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடர் வந்தபின் கூவும் விலை, இடருக்கு முன் செய்யவேண்டிய ஆயத்தத்திற்கு ஈடாகாது. சர்க்காரே யாவற்றையும் தாங்கட்டும் என்பர் வேறு சிலர். சர்க்காருடைய பணம் வானத்தினின்று பொழிவதன்று. மறைந்த வரியாக அதே பட்டறைக்காரனிடத்தும் அவன் ஆட்களிடத்துமே அது வாங்கப்படும். புதிதாக ஒரு கட்டணத்தை எழுதினால் ஏழைகள் மேலும் நலிவர் என்பது மூன்றாவது மறுப்பு. யாம் புதிய செலவொன்றை உண்டாக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள செலவுக்குப் பெயரிட்டு, அதனை உண்டாக்கினோனிடம் சேர்க்கவே சொல்கின்றோம். பெயரில்லாத கடன்தான் ஏழையைத் தேடி வரும். பெயர் எழுதிய கடன் உரியவன் வீட்டுக்குச் செல்லும்.

ஆகவே யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, கட்டணச் சீட்டில் மின்சாரத்தின் விலை இவ்வளவு, அதன் நிலையைக் காத்த செலவு இவ்வளவு என்று தனித்தனியே எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, விலகியோரே கொடுப்பது என்று மத்தியில் நடக்கும் நெறி நம் இராஜ்யத்திற்குள்ளும் தளர்வின்றி நடத்தல் வேண்டும். சொன்ன அளவில் விளைவிக்காத நிலையமாயினும், சொன்ன அளவுக்கு மேல் எடுக்கும் ஆலையாயினும் ஒக்கவே நடத்தப்படல் வேண்டும். மூன்றாவது, கையிருப்பைக் காசு கொடுத்து வாங்கும் வாயில் சிறியோருக்கும் திறத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் விதிகள் மின்சாரம் தருவோரை மட்டுமன்றி, கேட்டபொழுது தம் தேவையைக் குறைப்போரையும் காவலராக ஏற்கின்றன. குளிரறையும், காற்றழுத்தும் பொறியும், சிலவகை உலைகளும் கால்மணி நேரம் நின்றால் கெட்டுப்போவதில்லை. ஒரு பட்டறை தனியே குறைப்பது துளி. ஓசூரிலுள்ள சிறுதொழிற் சங்கத்தின் வழியாக நூறு பட்டறைகள் ஒரே குறிப்பிற் குறைத்தால் அஃது ஒரு சிறு மின்நிலையத்திற்கு நிகர். இன்று கட்டணம் மட்டும் கொடுப்போர் அப்பொழுது நீர்க்கட்டியின் பங்கையும் பெறுவர். நான்காவது, மின்சாரத்தைச் சேமிக்கும் சாதனங்கள் பெருகுதல் வேண்டும். கோயம்புத்தூர் ஜில்லாவின் காடம்பாறையில், மிகுதியான நேரத்தில் நீரை மேலேற்றி, வேண்டிய நேரத்தில் இறக்கி 400 மெகாவாட்டு விளைவிக்கும் நிலையம் 1980-களிலிருந்தே உண்டு. மின்கல வண்டிகள் உருவாகும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, தொகுப்பைத் தாங்கும் பெரிய மின்கலங்கள் தொழிற்பேட்டைகளின் அருகில் நிறுவப்படாதிருத்தல் பொருந்தாது.

இவற்றைக் கேட்பதற்கு இடமும் உண்டு. கட்டணத்தை மாற்றுமுன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தார் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றனர். 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்னும் மூன்று நகரங்களில் அங்ஙனம் கேட்டனர். இத்துணைத் தொழில் நடக்கும் ஓசூரிலும் ஒரு நாள் அமர்ந்து கேட்டல் தகும். அத்தகைய மன்றத்திற் பேசப்படும் பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருத்தலால், கடைசற்காரர் தம் பையினின்று போகும் பணத்தின் காரணத்தைத் தம் மொழியில் வாசிக்க இயலவில்லை. நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயில்வோர் கணக்கை விளக்க, தமிழ் பயில்வோர் அதனைத் தெளிந்த தமிழில் எழுதிக் கொடுப்பாராயின், அஃது எந்தப் பரிசுக் கட்டுரையினும் மேலான தொண்டாகும்.

கன்னியர் பதின்மரைப்பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை நாம் யாவரும் அறிவோம். பதின்மர் கையிலும் தீபம் இருந்தது. ஐவர் பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுவந்தனர், ஐவர் கொண்டுவரவில்லை. நள்ளிரவில் மணவாளன் வரும் குரல் கேட்டபொழுது, எண்ணெய் இல்லாதோர் வாங்குவதற்குக் கடைக்கு ஓடினர். மீள்வதற்குள் கதவு அடைபட்டது. கடை இருந்தது, விலையும் இருந்தது, வேளைதான் இல்லை. அவ்வுவமையில் ஒவ்வொருத்தியின் தீபமும் தனித்தனியே எரிந்தது; ஆயத்தமாயிருந்தவள் உட்சென்றாள். நம் மின்தொகுப்பிலோ காசுமீரம் முதற் குமரிவரை தீபம் ஒன்றே. அது அவியுமாயின் விவேகியின் வீடும் இருளும். ஆதலின் எண்ணெயை யாவரும் கூடிக் கொணர்தல் வேண்டும். அதனைக் கொணர்ந்தோர் யார், கொணராதோர் யார் என்பதை ஏட்டிலும் எழுதுதல் வேண்டும்.